சூடுதலும் கவர்தலும்

பள்ளிகளுக்கிடையே நிகழும் பந்தாட்டப் போட்டியில் ஓர் அணி வென்றால், அவ்வணி ‘வாகை சூடியது’ என்று மறுநாள் நாளேடு எழுதுகிறது. சூடிய மாணவர் வாகைப் பூவைக் கண்டிருப்பாரல்லர்; செய்தி எழுதியவரும் அம்மரத்தை அடையாளம் காட்ட இயலாதவராக இருக்கலாம். ஆயினும் அத்தொடர் எவர்க்கும் பிழையாகத் தோன்றுவதில்லை. தோற்ற அணியை வாகை சூடியதென எவரும் எழுதுவதும் இல்லை. பூ வழக்கொழிந்த பின்னும் பூவின் உரிமை வழக்கில் நிற்கிறது. அணி என்பது அழகுப் பொருள் மட்டுமன்று, அது ஒரு கூற்று. அக்கூற்றைக் கூறும் உரிமை ஈட்டிப் பெறுவது. இவ்வுணர்வு தமிழ்மொழியின் எலும்புக்குள்ளேயே இருக்கிறது.

ஓர் இனத்தார் வழிவழியாகப் பூண்டுவந்த அணிகளை மற்றோர் இனத்தார் நவநாகரிகமாகப் பூணுவது தகுமா என்னும் வினா அண்மைக் காலத்தில் உலகெங்கும் எழுந்துள்ளது. அழகு எல்லார்க்கும் பொது, அணிந்தால் எவர்க்கு என்ன குறைந்துவிடும் என்பார் ஒரு சாரார். பிறர் தொடுவதே பழிப்பு என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் அணியைப் பொருளாகவே காண்கின்றனர். அதனைப் பூண்டவர் அதனோடு சுமந்தவற்றைக் காண்பதில்லை. அணியின் பெருமையை எடுத்துக்கொண்டு அதன் சுமையை உரியவர் தலையிலேயே விட்டுச் செல்வதுதான் கவர்தல். சுமையிலும் பங்கேற்பது கலத்தல். இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றி இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூற இயலாது.

பூவும் பொருளும்

பழந்தமிழர் போரின் நிலைகளைப் பூக்களின் பெயரால் பகுத்தனர். ஆநிரை கவர்வோர்க்கு வெட்சி, மீட்போர்க்குக் கரந்தை, மண் நசையால் படையெடுப்போர்க்கு வஞ்சி, மதிலை வளைப்போர்க்கு உழிஞை, மதில் காப்போர்க்கு நொச்சி, களத்தில் எதிர்நின்று பொருவோர்க்குத் தும்பை, வென்றோர்க்கு வாகை எனத் தொல்காப்பியர் வழிவந்த பகுப்பைப் புறப்பொருள் வெண்பாமாலை விரித்துரைக்கிறது. சேரர் படை பனம்பூவும், பாண்டியர் படை வேப்பம்பூவும், சோழர் படை ஆத்திப்பூவும் சூடின. எவர் எப்பக்கம் நின்று பொருதார் என்பதைத் தலையிலிருந்த பூவே கூறிற்று. தும்பை சூடியவன் புறங்காட்டுதல் இழிவு. ஆதலின் பூவைச் சூடுதல் என்பது உயிரைப் பணயமாக வைத்துச் சொல்லும் ஒரு சொல்லாகும்.

புறநானூற்றில் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் இளமையைக் கூற எடுத்துக்கொண்டவை அணிகளே. கிண்கிணி களைந்த காலில் கழல் ஏறியிருக்கிறது. கழுத்திலோ சிறுவர்க்குரிய தாலி இன்னும் களையப்படவில்லை. ஓர் அணி போய், ஓர் அணி வந்து, ஓர் அணி போகாமல் நிற்கும் அந்த இடைவெளியில்தான் களம்புகுந்த சிறுவனின் வீரம் விளங்குகிறது. அணிகளின் பொருளை அறியாதார்க்கு அப்பாடல் வெறும் நகைப்பட்டியலாகவே தோன்றும்.

பெண்டிர்க்கும் அவ்வாறே. மணத்திற்கு முன் மகளின் சிலம்பைக் கழற்றும் சிலம்புகழி நோன்பு சங்க காலத்தில் இருந்தது. கோவலனைப் பிரிந்திருந்த கண்ணகி, மங்கல அணி ஒன்றைத் தவிரப் பிறவற்றைப் பூண மனங்கொள்ளவில்லை. அவள் சிலம்பின் பரல் மாணிக்கம், கோப்பெருந்தேவியின் சிலம்பின் பரல் முத்து. புறத்தே ஒன்றுபோல் தோன்றிய இரு சிலம்புகள் உள்ளே வேறு வேறாக இருந்தமையே ஓர் அரசின் நீதியைச் சாய்த்தது. புறத்தோற்றத்தை மட்டும் கண்டு அணியை மதிப்பிடுவார்க்கு இதனினும் வலிய எச்சரிக்கை தமிழிலக்கியத்தில் இல்லை.

இறகின் விலை

பாடநூல்கள் நெடுங்காலம் ‘செவ்விந்தியர்’ என்று குறித்துவந்த வட அமெரிக்கத் தொல்குடியினரின் கழுகிறகு முடியை, வாகையும் தும்பையும் அறிந்த தமிழ் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்வர். லகோட்டா, செயென் முதலிய சமவெளிக் குடியினரிடையே இறகு விலைக்கு வாங்கப்படுவதன்று. மறச்செயலுக்கோ மக்கட்பணிக்கோ ஈடாக, சான்றோர் ஒப்புதலோடு, ஒவ்வோர் இறகாக ஒருவனைச் சென்று சேர்வது அது. முடி நிறைய இறகுகள் கொண்டவன் ஒரு வாழ்நாளைத் தலையில் சுமக்கிறான் எனலாம். எல்லாத் தொல்குடியினரும் இம்முடியைச் சூடியவரல்லர். இன்று அமெரிக்க நடுவணரசு ஏற்றுள்ள குடிகள் 570க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு இது உரியதன்று.

1883ஆம் ஆண்டு ஈண்டு நோக்கற்பாலது. அவ்வாண்டில்தான் அமெரிக்க அரசு, தொல்குடியினரின் சூரிய நடனம் முதலிய சமயச் சடங்குகளைக் குற்றமென விதித்த நெறிமுறையை வெளியிட்டது. அதே ஆண்டில்தான் ‘பஃபலோ பில்’ எனப்பட்ட வில்லியம் கோடி தமது மேற்கத்தியக் காட்சியைத் தொடங்கினார். கட்டணம் செலுத்திய மக்கள் இறகுமுடி சூடிய வீரரைக் கண்டு கைதட்டினர். தம் ஊரில் தம் தெய்வத்தின் முன் ஆடினால் உணவுப் பங்கீட்டை இழக்கவும் சிறைபுகவும் நேர்ந்த மக்கள், ஊரூராகச் சென்று அரங்கில் ஆடினால் ஊதியம் பெற்றனர். 1879இல் நிறுவப்பெற்ற கார்லைல் உறைவிடப் பள்ளி போன்றவற்றில் அவர்தம் குழந்தைகளின் நீள்கூந்தல் வெட்டப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. சமய உரிமையை உறுதிசெய்யும் சட்டம் 1978இல்தான் வந்தது.

இவ்வரலாற்றின் பின்னணியில் வைத்தே 2012ஆம் ஆண்டு நிகழ்ச்சியை எடைபோட வேண்டும். அவ்வாண்டு நவம்பரில் விக்டோரியாஸ் சீக்ரெட் நிறுவனம் நியூயார்க்கில் நடத்திய உள்ளாடைக் காட்சியில், ஒரு விளம்பர நங்கை தரை தொடும் இறகுமுடி அணிந்து நடந்தார். தொல்குடியினர் கண்டித்தனர், நிறுவனம் மன்னிப்புக் கோரி, தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து அக்காட்சியை நீக்கியது. அதே ஆண்டில் நவஹோ நாட்டினர், தம் பெயரைத் தம் இசைவின்றி உடைகளுக்கும் அணிகளுக்கும் இட்டு விற்ற அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு 2016இல் உடன்பாட்டில் முடிந்தது.

‘ஒரு தொப்பிக்கு இவ்வளவு ஆரவாரமா?’ என்று வினவியோர் பலர். தொப்பியாயின் ஆரவாரம் வேண்டியதில்லை. ஈட்டியவனைத் தண்டித்த ஒரு சமுதாயம், ஈட்டாதவர் தலையில் அதனை விளையாட்டாக ஏற்றிற்று. பெருமை அரங்கத்திற்குச் சென்றது, சுமை குடியிருப்பிலேயே தங்கிற்று. அதுவே குற்றம்.

நெற்றியும் தெருவும்

தமிழர்க்கு அணுக்கமான சான்று நெற்றிப் பொட்டு. 1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெர்சி நகரில் ஒரு கும்பல் தனக்கு ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. பொட்டை ஒழிப்போர் என்பது அதன் பொருள். இந்தியரை அந்நகரிலிருந்து விரட்டுவோம் என்று மிரட்டும் மடல் ஒன்று உள்ளூர் நாளிதழில் வெளிவந்தது. அவ்வாண்டில் இந்தியர் பலர் தாக்கப்பட்டனர். அண்டை நகரான ஹோபோக்கனில் ஓர் இந்திய இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். பொட்டும் புடைவையுமாகத் தெருவில் நடக்கப் பெண்கள் அஞ்சிய காலம் அது. அந்நெற்றிக்குறி அங்கு அழகாகக் கருதப்படவில்லை, இலக்காகக் கருதப்பட்டது.

பத்தாண்டு முடியுமுன் அதே நாட்டின் இசைமேடைகளில் அப்பொட்டு ஒளிவீசத் தொடங்கியது. 1990களில் பாடகி க்வென் ஸ்டெஃபானி பொட்டோடு தோன்றினார். மடோனா மருதாணிக் கைகளோடு தோன்றினார். 2013இல் செலினா கோமெஸ் பொட்டணிந்து மேடையில் பாடியபோது இந்துக்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஸ்டெஃபானியின் குழுவில் இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்த இசைஞர் ஒருவர் இருந்தார் என்பதையும், அவ்வீட்டுப் பழக்கத்தாலேயே அவர்க்குப் பொட்டு அறிமுகமாயிற்று என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. அவர் உள்ளத்தில் இகழ்ச்சி இருந்ததென்று கூற எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் சிக்கல் ஒருவர் உள்ளத்தைப் பற்றியதன்று. ஒரே குறி, ஒரே நாட்டில், ஒருத்தி நெற்றியில் கல்லெறியையும் மற்றொருத்தி நெற்றியில் கைதட்டலையும் பெற்றது. முதலாமவளுக்கு நேர்ந்ததைப் பற்றி இரண்டாமவளின் கூட்டத்தார் ஒரு சொல்லும் கூறவில்லை என்பதே வருந்தத்தக்கது.

இவ்வளவில் நிறுத்தினால் தமிழர் தம் நெஞ்சுக்குத் தப்பிச் செல்வோராவர். தமிழர் இல்லத் திருமணங்களில் வாயிலில் சந்தனமும் குங்குமமும் கற்கண்டும் ஏந்திய தட்டு நிற்கும். வருவோர் எவ்வினத்தவராயினும் தட்டு அவர்முன் நீளும். மலாய்த் தோழியும் சீனத் தோழியும் இன்முகத்தோடு பெற்றுக்கொள்வர். அதே தட்டு அவ்வீட்டுக் கைம்பெண்ணைக் கண்டால் விலகிச் சென்ற காலம் மிகப் பழையதன்று. சில இல்லங்களில் அது இன்னும் கடந்த காலம் ஆகவில்லை. அயலாரை வரவேற்ற குங்குமம், பெற்ற தாயின் நெற்றியை மறுத்தது. பிறர் பொட்டின் பொருளைச் சிதைத்தனர் என்று முழங்குவோர், அப்பொருளுக்குள் தம் மகளிர்க்கு இழைத்த கொடுமையும் அடங்கியிருந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்காலத் தமிழ்ப்பெண் புடைவையின் நிறத்திற்கேற்ப ஒட்டுப்பொட்டு வைத்துக்கொள்கிறாள். கணவனை இழந்த பின்னும் பொட்டை விடாதிருக்கத் துணிகிறாள். இஃது அழகுக்காகத்தானே, இதற்கும் மேடைப்பாடகியின் பொட்டிற்கும் என்ன வேற்றுமை என்று சிலர் கேட்கக்கூடும். வேற்றுமை உண்டு. அக்குறியின் சுமையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவள் அவள். சுமந்தவர்க்கே அதன் பொருளைத் தளர்த்தவும் மாற்றவும் முதல் உரிமை உண்டு.

தமிழ் மேடையின் கணக்கு

இவ்வளவுகோலைத் தமிழர் தம் கலைமேடைக்கும் இட்டுப் பார்த்தல் கடன். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நிகழும் பரதநாட்டிய அரங்கேற்றங்களில் நெற்றிச்சுட்டியும் சூரியப்பிறையும் சந்திரப்பிறையும் இராக்கொடியும் பூண்ட சிறுமியர் சலங்கை ஒலிக்க ஆடுகின்றனர். இவ்வணிகள் சதிராடிய கோயில் மகளிர் பூண்டவை. அவர்கள் பூண்ட காலத்தில் மதிப்புடைய குடும்பத்துப் பெண்கள் சலங்கையைத் தொடவும் கூசினர். 1930களில் அவ்வாட்டம் பரதநாட்டியம் என்னும் பெயரால் பரவியது. 1936இல் உருக்குமிணிதேவி கலாசேத்திராவை நிறுவினார். 1947இல் சென்னை மாகாணச் சட்டம், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தைத் தடைசெய்தது. அச்சட்டம் ஒரு கொடுமையை அகற்றவே எழுந்தது. அதன் நோக்கத்தைப் பழித்தல் தகாது. எனினும் விளைவு நோக்கற்குரியது. சலங்கை உயர்குடி மாடங்களுக்கு ஏறிற்று. அதனைக் காத்த குடும்பங்களில் பல, தம் மகளிர் ஆடுவதையே நிறுத்தி, பாட்டியின் பெயரையும் மறைத்து வாழ்ந்தன. அக்குடிவழியில் நின்று உலகறிய ஆடிய பாலசரசுவதி (1918–1984) போன்றோர் மிகச் சிலரே. இன்று அரங்கேற்ற அழைப்பிதழ்களில் குருவின் பெயரும் விருந்தினர் பெயரும் பொன்னெழுத்தில் மின்னுகின்றன. அவ்வாட்டத்தைக் கையளித்த மகளிரைப் பற்றி ஒரு வரியேனும் காண்பது அரிது.

குறத்தி ஆட்டமோ இன்னும் வெளிப்படையான சான்று. குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் படைத்த சிங்கி தன் மலைவளத்தைப் பெருமிதத்தோடு பாடுகிறாள். இளவரசிக்கு நிகரான குரலில் பேசுகிறாள். அவள் மேனியில் மின்னும் அணிகளைக் கண்டு மருளும் சிங்கனுக்கு, அவை ஊர்தோறும் குறிசொல்லிப் பெற்ற பரிசுகள் என விடையளிக்கிறாள். காற்சிலம்பு சேலத்து நாட்டில் பெற்றது என்கிறாள். லகோட்டா வீரனின் இறகைப் போலவே அவள் அணி ஒவ்வொன்றும் அவள் ஆற்றலால் ஈட்டியது. நாட்டுப்புற மேடையும் திரைப்படமும் அக்குறத்தியிடமிருந்து எடுத்துக்கொண்டவை கூடையும் பாசிமணியும் மட்டுமே. ஈட்டிய அறிவை விட்டுவிட்டு இடையசைவைச் சேர்த்துக்கொண்டன. அதே காலத்தில் குறவர் குடியினர் பலர், 1871இல் தோன்றி 1911 முதல் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்த குற்றப் பழங்குடிச் சட்டத்தின்கீழ்ப் பிறவிக் குற்றவாளிகளாகப் பட்டியலிடப்பட்டு இன்னலுற்றனர். மணிமாலை மேடையில் இனித்தது. அதனைக் கோத்த கை காவல் நிலையத்தில் கட்டுண்டது. குறவர் சமுதாயத்தார் நெடுநாள் முறையிட்டதன் பின், 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது.

பள்ளி மாறுவேடப் போட்டியில் வண்ணத்தாள் இறகுமுடி சூடி, வாயில் கைதட்டிக் கூவும் சிறுவனும், பாசிமணியும் கூடையுமாக வந்து கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் சிறுமியும் குற்றமறியாதவர்கள். அவர்களை அவ்வாறு ஒப்பனை செய்து அனுப்பிய பெரியோர் அறியாதவராக இருத்தல் ஆகாது.

கலத்தலின் இலக்கணம்

இவற்றால், ஓரினத்தார் அணியை மற்றோரினத்தார் தீண்டலாகாது என்பது முடிபாகாது. அவ்வாறு கூறின் மலாக்காச் செட்டிகளை எங்கே வைப்பது? மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வணிகத்திற்கு வந்து, இம்மண்ணின் மகளிரை மணந்து, இங்கேயே வேரூன்றிய தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்தம் மகளிர் உடுப்பது சாரோங்கும் கெபாயாவும். வீட்டில் பேசுவது மலாய். வணங்குவது 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலை. அவர்கள் கெபாயாவைக் கவர்ந்தவர்கள் என்று எவர் கூறுவார்? உடையோடு உறவையும், மொழியையும், இம்மண்ணின் இன்பதுன்பங்களையும் சேர்த்தே அவர்கள் ஏற்றனர். போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறிமாறி ஆண்டபோது அண்டை வீட்டார்க்கு வந்த துன்பம் அவர்க்கும் வந்தது. சுமை பொதுவாயிற்று, ஆதலின் அணியும் பொதுவாயிற்று.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில், 1964ஆம் ஆண்டு சூலை 21இல் மூண்ட இனக்கலவரத்தை நினைவுகூரும் இன நல்லிணக்க நாளில், ஓரின மாணவர் மற்றோரின உடையை அணிந்து வருகின்றனர். அவ்வுடை ஒரு குருதிக்கறையின் நினைவோடு அணியப்படுகிறது என்பதைக் கற்பித்தால் அது கலத்தலாகும். கற்பிக்காது நிழற்படம் மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவும் மாறுவேடமாய்ச் சுருங்கும். ஒரே உடை, ஒரே நாள். வேற்றுமை கற்பித்தலில் இருக்கிறது.

ஆதலின் பிறர் அணியைப் பூணுவோர் மூன்று வினாக்களைத் தம்மிடமே கேட்டல் நன்று. இவ்வணி ஈட்டிப் பெறுவதா, எவர்க்கும் நீட்டப்படுவதா? வாகையும் இறகும் ஈட்டுவன. திருமண வாயிலின் குங்குமம் நீட்டப்படுவது. இதனை உரியவர் அணிந்தபோது அவர்க்கு என்ன நேர்ந்தது? இன்று அவர்க்கு இழிவு நேர்ந்தால் உடன்நின்று குரல்கொடுக்கும் மனம் உண்டா? மூன்றாம் வினாவிற்கு ‘உண்டு’ என்பவர் தவறிப் பிழைசெய்தாலும் திருந்துவர். ‘இல்லை’ என்பவர் எவ்வளவு மதிப்போடு அணிந்தாலும் அது கவர்தலே.

ஆசிரியர் கடன்

ஆநிரை கவர்தலுக்கு வெட்சி என்று பெயரிட்ட முன்னோர், அதனை மீட்டலுக்கும் ஒரு பூவை வைத்தனர். கவர்ந்தவனைப் பழித்துப் பாடுவது கரந்தையாகாது. சென்று மீட்டு வருவதே கரந்தை. தன் நிரையில் எத்தனை ஆக்கள் உள்ளன, எவ்வாவின் கன்று எது என்பதை அறியாதவன் எதனை மீட்பான்? சிலம்பின் பரலையும், தும்பையின் உறுதியையும், சிங்கியின் ஈட்டத்தையும், சலங்கை காத்த மகளிரின் பெயரையும் வகுப்பறையில் அறியாத மாணவன், மேடைப்பாடகியின் பொட்டைக் கண்டு சினப்பது ஒலியாகவே முடியும்.

புறத்திணை கற்பிக்கும் நாளில் பூக்களின் பெயர்களை மனப்பாடம் செய்வித்துத் தேர்வுக்கு அனுப்புதல் எளிது. அப்பூக்களோடு ஒரு கழுகிறகின் வரலாற்றையும் சேர்த்துக் கூற ஒரு பாடவேளை போதும். அடுத்த மாறுவேடப் போட்டிக்கு இறகுமுடி செய்ய வண்ணத்தாளை எடுக்கும் மாணவன், கத்தரிக்குமுன் ஒரு கணம் தயங்கி, ‘இதை நான் சூடலாமா, ஐயா?’ என்று கேட்பானாயின், அப்பாடம் பயனளித்தது எனக் கொள்ளலாம்.